உழவன் பியர்ஸும் அவனைக் கனவில் கண்ட கவிஞரும்: லாங்லண்டின் ‘பியர்ஸ் பிளௌமன்’ குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘பியர்ஸ் பிளௌமன்’ எத்தகைய நூல்?

14ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், இன்று இடைக்கால ஆங்கிலம் என்று அழைக்கப்படும் மொழியில் இயற்றப்பட்ட நெடுங்கவிதை அது. வில் என்ற பெயருடைய ஒருவன் மே மாதக் காலை ஒன்றில், மேற்கு இங்கிலாந்தின் மால்வெர்ன் குன்றுகளில், ஓர் ஓடைக்கரையில் களைத்துப்போய்க் கண்ணயர்கிறான். அப்போதும் அதன் பின்னரும் அவன் காணும் கனவுகளே நூலாக விரிகின்றன. முதல் கனவில் மேட்டின்மீது ஒரு கோபுரம் தெரிகிறது. கீழே ஆழ்ந்த பள்ளத்தில் இருண்ட அகழிகள் சூழ்ந்த ஒரு சிறைக்கோட்டை தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே மக்கள் நெருக்கியடிக்கும் ஒரு வயல்வெளி. கோபுரத்தில் இருப்பது உண்மை, அதாவது இறைவன். பள்ளத்தில் இருப்பவன் பொய்யின் தந்தை. நடுவில் இருப்பது நாம் உழுது, விற்று, ஏமாற்றி, இரந்து வாழும் இந்த உலகம்.

‘பியர்ஸ்’ என்பது பீட்டர் என்ற பெயரின் நாட்டு வழக்கு. ‘பிளௌமன்’ என்றால் ஏர் பிடிப்பவன். நூல் அவன் பெயரைத் தாங்கியிருந்தாலும் அவன் வருவது தாமதமாகத்தான். வந்த பிறகும் பலமுறை மறைந்துவிடுகிறான். அவனைத் தேடுவதே பின்பகுதியின் கதை என்றும் சொல்லலாம். காதல், போர், வீரம் ஆகியவற்றைப் பாடும் காவியத்தை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே கூலித் தகராறு, கலப்பட மது, வாடகை பாக்கி, இலஞ்சம் வாங்கும் நீதிமன்றம், பசி ஆகியவற்றைச் சந்திப்பார்கள். இறையியலும் இவற்றோடு பின்னிப் பிணைந்தே வருகிறது.

இதை எழுதியவர் யார்? அவரைப் பற்றி என்ன தெரியும்?

வில்லியம் லாங்லண்ட் என்பவர். டப்ளின் டிரினிடி கல்லூரியில் உள்ள ஒரு கையெழுத்துப் பிரதியில், ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரு இலத்தீன் குறிப்பு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் டெஸ்பென்சர் பிரபுவின் நிலத்தில் குடியிருந்த ஸ்டேசி டி ரோகெய்ல் என்பவரின் மகனான வில்லியம் டி லாங்லண்ட் இந்நூலை இயற்றினார் என்று அது கூறுகிறது. கவிதைக்குள்ளும் ஒரு முத்திரை உண்டு. “நான் நாட்டில் வாழ்ந்திருக்கிறேன், என் பெயர் நெட்டை வில்” என்று கனவு காண்பவன் சொல்லும் வரியில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பின்னிருந்து கோத்தால் ‘வில் லாங் லண்ட்’ என்று வரும். தன் பெயரைச் செய்யுளுக்குள் ஒளித்துவைக்கும் இந்த விளையாட்டை அக்காலக் கவிஞர்கள் விரும்பினார்கள்.

இவற்றைவிட நெருக்கமான ஒரு சித்திரத்தை அவர் தம் கடைசித் திருத்தத்தில் சேர்த்தார். அதில் வில், இலண்டனின் கார்ன்ஹில் பகுதியில் ஒரு குடிசையில் கிட் என்பவளோடு வாழ்கிறான். அறுவடைக் காலத்தின் வெயிலில் ‘பகுத்தறிவு’ என்ற பாத்திரம் அவனை மறித்து, கதிர் அறுக்கத் தெரியுமா, கட்டுக் கட்டத் தெரியுமா, ஆடு மாடு காக்கத் தெரியுமா, எதுவும் செய்யாமல் எப்படிச் சாப்பிடுகிறாய் என்று விசாரிக்கிறது. அரிவாளோடு வேலை செய்ய உடலில் வலுவில்லை, குனிந்து வேலை செய்ய முடியாத அளவுக்கு உயரமானவன் என்று வில் பதில் சொல்கிறான். இறந்தோருக்கான செபங்களும் சங்கீதங்களுமே தன் உழைப்புக் கருவிகள் என்கிறான். தனக்குச் சோறிடுபவர்களின் ஆன்மாவுக்காக அவற்றைப் பாடி, பையோ குடுவையோ இல்லாமல் வயிறு ஒன்றையே பாத்திரமாகக் கொண்டு இரப்பதாகவும் ஒப்புக்கொள்கிறான். கல்வி பெற்று, திருச்சபையின் கீழ்நிலைப் பட்டங்களோடு நின்றுபோய், திருமணம் செய்ததால் குருவாக உயர வழியற்றுப்போன ஒரு மனிதனின் நிலை இது. மனைவி கிட்டும் மகள் காலட்டும் நூலின் வேறோர் இடத்தில் பெயரோடு வருகிறார்கள்.

கவிதையில் வரும் வில்லையும் கவிஞரையும் முற்றிலும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை சரியானதே. ஆனாலும் ‘நீ உழைக்கிறாயா’ என்ற கேள்வியை ஊரார் மீது வீசிய ஒருவர், அதே கேள்வியைத் தம் பெயர் தாங்கிய பாத்திரத்தை நோக்கித் திருப்பியதை நான் நாடகமாக மட்டும் பார்க்க மாட்டேன்.

ஏன் இதற்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன?

லாங்லண்ட் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே கவிதையைத் திருத்திக்கொண்டிருந்தார். 1360களின் இறுதியைச் சேர்ந்த முதல் வடிவம் சுமார் 2,500 அடிகள் கொண்டது; 1370களின் இறுதியைச் சேர்ந்த இரண்டாம் வடிவம் 7,000 அடிகளுக்கும் மேற்பட்டது; மூன்றாவது, 1380களின் நடுப்பகுதிக்குப் பிறகு உருவானது. ஆய்வாளர்கள் இவற்றை ஏ, பி, சி என்று குறிக்கிறார்கள். இவற்றை வேறுபடுத்திப் பதிப்பித்தவர் 19ஆம் நூற்றாண்டின் வால்டர் ஸ்கீட். 1906இல் ஜான் மேன்லி என்ற அறிஞர், இது ஐந்து பேர் எழுதிய நூல் என்று வாதிட்டுப் பெரிய சர்ச்சையைக் கிளப்பினார். இன்று பெரும்பாலோர் ஒருவரே எழுதியதாகக் கொள்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன.

நூலின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘பாசுஸ்’ என்று பெயர். இலத்தீனில் அதற்குக் ‘காலடி’ என்று பொருள்.

கொள்ளைநோய்க்கும் இக்கவிதைக்கும் என்ன தொடர்பு?

1348இன் கோடையில் தென்மேற்குக் கடற்கரையான டார்செட் வழியாக இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோய், அடுத்த ஆண்டு முடிவதற்குள் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரிலிருந்து பாதிப்பேர் வரை கொன்றது. 1361இல் அது திரும்பி வந்தது. 1369இலும் 1375இலும் மறுபடி வந்தது. லாங்லண்டின் தலைமுறை ஒரு முறை அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த தலைமுறை அன்று. இன்னொரு முறை வரும் என்று எதிர்பார்த்தே வாழ்ந்த தலைமுறை.

கவிதையில் இதன் தடங்கள் எங்கும் உள்ளன. முகவுரையிலேயே கிராமத்துப் பங்குக் குருமார், கொள்ளைநோய்க்குப் பிறகு தங்கள் பங்குகள் (தாங்கள் கவனிக்கும் திருச்சபைப் பகுதிகள்) ஏழையாகிவிட்டன என்று ஆயரிடம் (பிஷப்பிடம்) முறையிட்டு, இலண்டனுக்குப் போய்ச் செல்வரின் ஆன்மாக்களுக்காகப் பூசை செய்து பிழைக்க அனுமதி கேட்கிறார்கள். பகுத்தறிவு நிகழ்த்தும் மறையுரையில், கொள்ளைநோய்களும் சனிக்கிழமை மாலை அடித்த தென்மேற்குக் காற்றும் பாவத்தின் தண்டனை என்று வருகிறது. அந்தக் காற்று உண்மையானது: 1362 ஜனவரி 15ஆம் நாள் மரங்களையும் கோபுரங்களையும் சாய்த்த பெரும்புயல் அது. முதல் வடிவத்தின் காலத்தை நிறுவ இக்குறிப்பு ஒரு ஆதாரமாகிறது. இதேபோல இரண்டாம் வடிவத்தில், சிசெஸ்டர் என்பவர் இலண்டன் மேயராக இருந்த 1370இன் வறண்ட ஏப்ரலில் ரொட்டி வண்டிகள் நகருக்கு வராமல் மக்கள் தவித்தது ஆண்டோடு குறிப்பிடப்படுகிறது. பெரிய உருவகக் கவிதைக்குள் இப்படி ஊர்ச்செய்தி வந்து விழுவது எனக்கு மிகவும் பிடித்தமானது.

தொழிலாளர் சட்டம் என்பது என்ன? ‘அரை ஏக்கர்’ காட்சி அதோடு எப்படித் தொடர்புடையது?

பாதிப்பேர் வரை இறந்த நாட்டில் எஞ்சியவர்களின் கைக்கு மதிப்புக் கூடியது. கூலியாட்கள் அதிகக் கூலி கேட்டார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போனார்கள். நிலவுடைமையாளர்கள் நிறைந்த ஆட்சி 1349இல் ஓர் ஆணையையும் 1351இல் தொழிலாளர் சட்டத்தையும் கொண்டுவந்து, கூலி நோய்க்கு முந்தைய அளவைத் தாண்டக் கூடாது என்றது. வைக்கோல் உலர்த்தும் வேலைக்கு நாளொன்றுக்கு 1 பென்னிக்கு மேல் தரக் கூடாது என்பது போன்ற விவரங்கள் வரை அதில் உண்டு. உடல் வலுவுள்ள பிச்சைக்காரருக்குப் பிச்சையிடுபவரையே சிறையில் அடைக்கலாம் என்று 1349இன் ஆணை மிரட்டியது. கிறிஸ்தவ மரபில் இரக்கத்தின் உச்சச் செயலாகக் கருதப்பட்ட ஒன்று இதனால் குற்றமாயிற்று. லாங்லண்டை உறங்கவிடாத முள் இதுதான் என்று நினைக்கிறேன்.

காட்சிக்கு வருவோம். பாவங்களை அறிக்கையிட்ட ஆயிரக்கணக்கான மக்கள் ‘புனித உண்மை’யைத் தேடி யாத்திரை கிளம்புகிறார்கள், வழி தெரியவில்லை. பல திருத்தலங்களுக்குப் போய்வந்த சின்னங்களைத் தொப்பி முழுதும் அணிந்திருந்த யாத்திரிகனுக்கும் தெரியவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து தலைநீட்டுகிறான் பியர்ஸ்: எனக்கு அவரைத் தெரியும், பல்லாண்டுகளாக அவருக்கு உழுது விதைத்து ஊழியம் செய்கிறேன், கூலியை மாலைக்குள் தந்துவிடுவார். ஆனால் சாலையோரம் உழவேண்டிய அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதை முடித்துவிட்டு வழிகாட்டுகிறேன் என்கிறான். எல்லாரும் வேலையில் இறங்குகிறார்கள். சாதாரணப் பெண்கள் கோதுமைக்குச் சாக்குத் தைக்கிறார்கள்; நீண்ட விரல்களுடைய சீமாட்டிகள் குருமாரின் பூசை உடைகளில் பட்டு வேலை செய்கிறார்கள். உழக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்த குதிரைவீரனான பிரபுவிடம், அது உன் வேலையன்று, வீணர்களிடமிருந்து எங்களைக் காப்பாற்று, உன் பண்ணையாட்களை வருத்தாதே என்கிறான் பியர்ஸ். தேவாலய எலும்பறையில் கிடக்கும்போது பிரபுவையும் பண்ணையாளையும் பிரித்தறிவது கடினம் என்று ஓர் உழவன் பிரபுவிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். 14ஆம் நூற்றாண்டில் அந்த வரி எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சிறிது நேரத்தில் சிலர் வேலையை விட்டுவிட்டு மதுவும் பாட்டுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பியர்ஸ் கடிந்தபோது குருடராகவும் முடவராகவும் நடிக்கிறார்கள். பிரபு மரியாதையாகக் கண்டிக்கிறார். சட்டத்துக்கும் அஞ்ச மாட்டோம் என்கிறார்கள். வேறு வழியின்றிப் பியர்ஸ் ‘பசி’யைக் கூவி அழைக்கிறான். பசி வந்து வீணனின் வயிற்றைப் பிடித்து முறுக்குகிறது, கன்னத்தில் அறைகிறது. நொடியில் குருடர் பார்வை பெறுகிறார்கள், முடவர் மண்வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் வந்த பசி போக மறுக்கிறது, உணவு கேட்கிறது. கோழி வாங்கக் காசில்லை என்கிறான் பியர்ஸ். இரண்டு பச்சைப் பாலாடைக்கட்டி, கொஞ்சம் தயிரும் ஆடையும், ஓட்ஸ் ரொட்டி, பிள்ளைகளுக்காகச் சுட்ட மொச்சையும் தவிடும் கலந்த இரு ரொட்டி, வெங்காயத் தாளும் முட்டைக்கோசும், ஒரு பசு, ஒரு கன்று, எரு இழுக்க ஒரு வண்டிக்குதிரை: அவன் வீட்டில் இருப்பது இவ்வளவுதான். ஆகஸ்ட் முதல் நாள் அறுவடைத் திருநாள் வரை இதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஓர் உழவன் வீட்டின் கோடைக் காலத்துச் சமையலறை ஆங்கிலக் கவிதையில் இவ்வளவு நிச்சயமாகப் பதிவாகியிருப்பது அரிது.

அறுவடை வந்ததும் காட்சி மாறுகிறது. கையைத் தவிர நிலமில்லாத கூலியாட்கள், நேற்றைய முட்டைக்கோசைத் தொடமாட்டோம், புதிய இறைச்சியோ பொரித்த மீனோ சூடாக வேண்டும் என்கிறார்கள். கூலி குறைந்தால் தொழிலாளர் சட்டத்தைச் செய்த அரசனையும் அவையையும் சபிக்கிறார்கள். பசி இன்னும் சில ஆண்டுகளில் வெள்ளத்தோடு திரும்பும் என்ற எச்சரிக்கையோடு காட்சி முடிகிறது. 1315 முதல் 1317 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வெறும் உருவகமாக இருந்திருக்காது.

அப்படியானால் லாங்லண்ட் ஏழைகளுக்கு எதிரானவரா?

இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். அரை ஏக்கர் காட்சியை மட்டும் படித்தால் நிலவுடைமையாளரின் குரல் கேட்பது உண்மைதான். அதை மழுப்புவது நேர்மையாகாது. கூலியாள் நல்ல உணவு கேட்பதை அவர் பேராசையாகவே பார்க்கிறார். ஆனால் அதே மனிதர் மூன்றாம் வடிவத்தில் புதிதாக எழுதிச் சேர்த்த ஒரு பகுதியையும் படிக்க வேண்டும்.

நன்றாகக் கவனித்தால் மிகவும் தேவையுள்ளவர்கள் நம் அண்டை வீட்டார்தாம் என்று அது தொடங்குகிறது: குழிச்சிறைகளில் கிடப்பவர்கள், குடிசைகளில் பிள்ளைகளோடும் பிரபுவுக்குத் தரவேண்டிய வாடகையோடும் திணறுபவர்கள். நூல் நூற்றுச் சேர்த்ததை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மிச்சத்தில் பாலும் மாவும் வாங்கி, பசித்தழும் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். தாங்களும் பசியோடுதான் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் நள்ளிரவில் எழுந்து, சுவரை ஒட்டிய இடுக்கில் தொட்டில் ஆட்டுகிறார்கள். கம்பளியைச் சிக்கெடுக்கிறார்கள், துணி தைக்கிறார்கள், துவைக்கிறார்கள், விளக்குத் திரிக்காகக் கோரை உரிக்கிறார்கள். குடிசைகளில் வாழும் இப்பெண்களின் துயரைச் செய்யுளில் சொல்லிக் காட்டுவதும் வேதனை என்கிறார் கவிஞர். பிச்சையெடுக்க வெட்கப்பட்டு, உள்ளே வாடுவதை வெளியே காட்டாமல் நடமாடுகிறார்கள். ஆறிப்போன இறைச்சித் துண்டும் மீன் துண்டும் அவர்களுக்கு மான்கறி வறுவலுக்குச் சமம். வெள்ளிக்கிழமையிலும் நோன்பு நாளிலும் கால் பென்னிக்கு வாங்கிய சிப்பியே விருந்து.

இரண்டு குரல்களும் ஒரே மனிதருடையவை. உழைக்க மறுப்பவனை வெறுக்கும் கோபமும், உழைத்தும் பசித்திருப்பவளைக் கண்டு கலங்கும் நெஞ்சும் அவரிடம் சமரசமாகவே இல்லை. யாருக்குப் பிச்சையிடலாம், யாருக்கு இடக் கூடாது என்று அரசு கோடு கிழித்த காலத்தில், அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்று அவர் ஒவ்வொரு வடிவத்திலும் மாற்றி மாற்றி முயன்றார். கவிதை முடிவடையாமலே வளர்ந்ததற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

மீட் சீமாட்டி யார்?

‘மீட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பரிசு, சன்மானம், கையூட்டு என்று மூன்று பொருளும் உண்டு. இந்தப் பொருள் மயக்கத்தையே லாங்லண்ட் செந்நிற ஆடையும் பொன்னகையும் அணிந்த ஒரு பெண்ணாக்குகிறார். அவளுக்கும் ‘பொய்’ என்பவனுக்கும் திருமணம் நிச்சயமாகிறது. பரிவாரம் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கிளம்புகிறது. குதிரைகள் போதாததால் மாவட்ட அதிகாரியான ஷெரிஃபுக்குப் புது இலாடம் அடித்து மீட் அவன்மேல் ஏறிப் போகிறாள். தலைநகரில் நீதிபதிகளும் எழுத்தர்களும் அவளைத் தேற்றக் குவிகிறார்கள். ஒரு துறவி, தேவாலயச் சன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தந்தால் அவள் பெயரை அதில் பொறித்து, பாவங்களையும் மன்னித்துவிடுவதாகச் சொல்கிறார்.

‘மனசாட்சி’யை மணந்துகொள் என்று அரசன் சொல்ல, அவள் சம்மதிக்கிறாள், மனசாட்சி மறுக்கிறான். அங்கே நடக்கும் வாதம் பொருளியல் பாடம்போல் கூர்மையானது. சன்மானம் இல்லாமல் அரசன் சேவகரை எப்படி வைத்துக்கொள்வான், எல்லாருமே ஏதோ ஒன்றைப் பெற்றுத்தானே வாழ்கிறார்கள் என்று மீட் கேட்கிறாள். உழைப்புக்கு அளந்து தரும் கூலி ஒன்று, அளவில்லாமல் அள்ளித் தரும் மீட் வேறொன்று என்று மனசாட்சி பிரித்துக் காட்டுகிறான். நிலத்தையும் பாதுகாப்பையும் பணிவிடைக்கு ஈடாகக் கொடுத்த பழைய உறவுகள் பணமாக மாறிக்கொண்டிருந்த சமூகத்தில், எது நியாயமான கூலி என்பது புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை. முதிய மூன்றாம் எட்வர்டின் ஆசைநாயகியும் அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்தவருமான ஆலிஸ் பெரர்ஸை மீட்டின் பின்னால் பலர் காண்கிறார்கள். பொருத்தம் இருக்கிறது, ஆனாலும் ஒரு பெண்ணின்மேல் பழிபோட்டு முடித்துக்கொள்ளும் அளவுக்கு இந்த உருவகம் சிறியதன்று.

ஏழு தலையான பாவங்கள் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்யும் பகுதி ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

அங்கே பாவங்கள் கோட்பாடுகளாக இல்லாமல் தெருவில் நடமாடும் ஆட்களாக வருவதால்தான். பேராசைக்காரன் எடைக்கற்களில் ஏமாற்றக் கற்றதையும், மனைவி தண்ணீர்த்த மதுவையும் கெட்டி மதுவையும் கலந்து விற்றதையும் தொழில் நுணுக்கத்தோடு விவரிக்கிறான். போசனப்பிரியன் வெள்ளிக்கிழமை நோன்போடு கோவிலுக்குக் கிளம்புகிறான். வழியில் மது வடிக்கும் பெட்டன் என்பவள் கூப்பிடுகிறாள். ஏதாவது மசாலா இருக்கிறதா என்று கேட்க, மிளகும் பூண்டும் நோன்பு நாளுக்கு ஏற்ற பெருஞ்சீரகமும் இருப்பதாகச் சொல்கிறாள். (அந்த மிளகு மலபார்க் கரையிலிருந்து எத்தனையோ கைகள் மாறி அந்தக் கடைக்கு வந்தது.) உள்ளே செருப்புத் தைப்பவளும், தகரவேலைக்காரனும், வாடகைக் குதிரைக்காரனும், ஊசி விற்பவனும், குழி வெட்டுபவனும் கூடியிருக்கிறார்கள். போசனப்பிரியன் ஒரு கேலனுக்கு (ஒரு முகத்தல் அளவு) மேல் குடித்துவிட்டு, மனைவியும் வேலைக்காரியும் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைக்க, சனியும் ஞாயிறும் தூங்கித் தீர்க்கிறான்.

ராபின் ஹூட்டைப் பற்றி முதலில் குறிப்பிடும் நூல் இதுதானா?

ராபின் ஹூட் பாட்டுகளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்பு இதன் இரண்டாம் வடிவத்தில்தான் இருக்கிறது. ‘சோம்பல்’ என்ற பாத்திரம் ஒரு குரு. கர்த்தர் கற்பித்த செபம்கூட ஒழுங்காகத் தெரியாது, ராபின் ஹூட் பாட்டும் செஸ்டர் கோமான் ராண்டால்ஃபின் பாட்டும் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறான்.

1381ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சிக்கும் இந்நூலுக்கும் உள்ள உறவு என்ன?

1377 முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று முறை தலைவரி விதிக்கப்பட்டது. முதல் முறை தலைக்கு 4 பென்னியாக இருந்தது, மூன்றாம் முறை 12 பென்னியானது. 1381 மே இறுதியில் எசெக்ஸில் தொடங்கிய எதிர்ப்பு கென்ட்டுக்குப் பரவி, ஜூன் 13இல் இலண்டனுக்குள் புகுந்தது. மன்னரின் சிற்றப்பாவான ஜான் ஆஃப் காண்ட்டின் சவோய் மாளிகை எரிந்தது. மறுநாள் கேன்டர்பரிப் பேராயர் சைமன் சட்பரி தலை வெட்டப்பட்டார். 15ஆம் நாள் ஸ்மித்ஃபீல்டில், 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் முன்னிலையில், கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் வீழ்த்தப்பட்டார்.

கிளர்ச்சியின் குருவான ஜான் பால் எசெக்ஸ் மக்களுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றைத் தாமஸ் வால்சிங்கம் என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். பியர்ஸ் பிளௌமன் தன் வேலைக்குப் போகட்டும், கொள்ளைக்காரன் ஹாபைத் தண்டிக்கட்டும் என்று அது கட்டளையிடுகிறது. கவிதையில் வில் தேடியலையும் ‘நன்மை செய்’, ‘மேலும் நன்மை செய்’ என்ற பெயர்களும் அக்கடிதத்தில் எதிரொலிக்கின்றன. வேலைக்குப் போ என்று பியர்ஸ் மற்றவர்களுக்குச் சொன்னதை, மன்னராட்சியைத் திருத்தக் கிளம்பும்படி பியர்ஸுக்கே சொல்லும் சங்கேதமாகக் கிளர்ச்சியாளர்கள் மாற்றினார்கள். ஜூலை 15இல் பால் செயின்ட் ஆல்பன்ஸில் தூக்கிலிடப்பட்டு உடல் துண்டாக்கப்பட்டது.

லாங்லண்ட் கிளர்ச்சிக்காரர் அல்லர். மன்னரும் திருச்சபையும் தத்தம் கடமையைச் செய்ய வேண்டும் என்பதே அவர் வேண்டுதல். 1376ஆம் ஆண்டின் நாடாளுமன்றத்தை நினைவூட்டும் எலிகளின் கதையில்கூட, பூனைக்கு மணி கட்டும் திட்டத்தை ஒரு சுண்டெலி தடுக்கிறது: இந்தப் பூனை போனால் இன்னொன்று வரும், குழந்தை அரசனாக இருக்கும் நாட்டுக்குக் கேடு. ரிச்சர்ட் 10 வயதில் முடிசூடிய காலத்தில் இவ்வரி துணிச்சலானது. ஆயினும் அதன் அறிவுரை பொறுமைதான். தம் உழவனின் பெயர் கொலையும் தீயும் நடந்த கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்ட பிறகு அவர் மூன்றாம் முறையாகத் திருத்த உட்கார்ந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே அந்த வடிவத்தைப் படிக்க வேண்டும்.

பியர்ஸ் மன்னிப்புச் சீட்டைக் கிழிப்பது ஏன்?

உண்மை, பியர்ஸுக்கும் அவனோடு உழைப்பவர்களுக்கும் ஒரு மன்னிப்புச் சீட்டை அனுப்புகிறது. ஒரு குரு அதை வாங்கிப் படிக்கிறார். இரண்டே வரிகள்தான் இருக்கின்றன. நன்மை செய்தவர்கள் நித்திய வாழ்வுக்கும் தீமை செய்தவர்கள் நித்திய நெருப்புக்கும் போவார்கள். இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்கிறார் குரு. பியர்ஸ் கடுங்கோபத்தில் அதை இரண்டாகக் கிழித்து, இனி வயிற்றுக்காக இவ்வளவு பாடுபட மாட்டேன், செபமும் தவமுமே என் ஏர் என்கிறான். முதல் இரு வடிவங்களிலும் இப்படி இருக்கும் காட்சியில், மூன்றாம் வடிவத்தில் கிழிக்கும் செயல் நீக்கப்பட்டிருக்கிறது. 1381இல் கிளர்ச்சியாளர்கள் ஊர் ஊராகப் பண்ணை ஆவணங்களைக் கிழித்து எரித்தார்கள். ஓர் உழவன் ஆவணத்தைக் கிழிக்கும் காட்சி அதன்பின் வேறு பொருள் தந்திருக்கும் என்பது என் ஊகம்.

இரந்துண்ணும் துறவியர்மீது அவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஏழ்மையை நோன்பாக ஏற்றவர்கள் செல்வர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு எளிதான பாவசங்கீர்த்தனம் தருகிறார்கள் என்பதால். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதவரை திருடனுக்கு மன்னிப்பில்லை என்பது அவர் விடாது பற்றிய கொள்கை. அவரை, அக்காலத்தில் திருச்சபையைக் கடுமையாக எதிர்த்த ஆங்கில இறையியலாளர் ஜான் வைக்லிஃபின் சீடராகக் காட்டும் முயற்சிகள் உண்டு. ஆனால் அவர் கேட்டது திருச்சபைக்குள்ளேயான திருத்தம்தான்.

செய்யுள் வடிவம் எப்படிப்பட்டது?

இயைபு கிடையாது, மோனைதான் உயிர். அடி இரண்டாகப் பிளந்து, நான்கு அழுத்தமான சொற்களில் முதல் மூன்றும் ஒரே ஒலியில் தொடங்கும். நூலின் முதல் அடி ஏறத்தாழ இப்படி ஒலிக்கும்: “இன் எ ஸோமர் ஸேஸன், வன் ஸோஃப்தெ வாஸ் தெ ஸொன்னெ”. கதிரவன் கனிவாய்க் காய்ந்த கோடைக் காலத்தில் என்று அதைச் சொல்லிப் பார்க்கலாம். மோனையில் பழகிய காதுக்கு இந்த யாப்பு அந்நியமாகத் தோன்றாது.

சாசரோடு ஒப்பிட்டால்?

யாத்திரிகர்கள் சொல்லும் கதைகளாக அமைந்த ‘கேன்டர்பரி கதைகள்’ நூலை எழுதிய கவிஞர் ஜெஃப்ரி சாசரும் லாங்லண்டும் சமகாலத்தவர். 1374 முதல் 1386 வரை சாசர் குடியிருந்த ஆல்ட்கேட் வாயிலுக்கும் கார்ன்ஹில்லுக்கும் இடையே சிறிது நேர நடைதான். சாசர் மன்னரின் சுங்க அதிகாரி. மனிதர்களைப் பார்த்து மகிழ்பவர். அவருடைய யாத்திரிகர்களில் உழவன் ஒருவன் உண்டு, நல்லவன். ஆனால் அவனுக்குச் சொல்ல ஒரு கதைகூடக் கொடுக்கப்படவில்லை. லாங்லண்டின் உழவன் பிரபுவுக்கும் குருவுக்கும் பதில் சொல்கிறான்.

பிற்காலத்தில் நூலுக்கு என்ன ஆயிற்று?

1550இல் ராபர்ட் குரோலி இதை முதன்முதலாக அச்சிட்டார். அவ்வாண்டிலேயே மூன்று முறை அச்சானது. ஓர் அரசன் வந்து மடங்களைத் தண்டிப்பான் என்று கவிதையில் வரும் வரிகளை, எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்ததற்கான முன்னறிவிப்பாகச் சீர்திருத்தச் சபையினர் படித்தார்கள்.

கவிதை எப்படி முடிகிறது?

பியர்ஸ் கட்டிய ‘ஒற்றுமை’ என்னும் களஞ்சியத்தை, கிறிஸ்துவின் பகைவனான எதிர்க்கிறிஸ்து முற்றுகையிடுகிறான். காயம்பட்டவர்களுக்கு மருந்திட வந்ததாகச் சொல்லி ஓர் இரந்துண்ணும் துறவி உள்ளே புகுகிறார். அவர் இட்ட இதமான மருந்தில் ‘மனத்துயர்’ அழவும் மறந்து மயங்கிவிடுகிறது. மனசாட்சி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, உலகம் முழுதும் நடந்து பியர்ஸைத் தேடப்போவதாகச் சொல்லி அருளைக் கூவி அழைக்கிறான். அந்தக் கூவலில் வில் விழித்துக்கொள்கிறான், கவிதை நின்றுவிடுகிறது.

புதிதாகப் படிப்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க முயன்று நடுவில் கைவிட்டவர்கள் பலர். எட்டாம் பாசுஸுக்குப் பிறகு கல்வி, அருள், முன்குறிப்பு (யார் மீட்படைவார் என்று இறைவன் முன்பே தீர்மானித்திருத்தல்) பற்றிய வாதங்கள் நீளும். முகவுரையைப் படித்துவிட்டு, இரண்டாம் வடிவத்தின் ஐந்து முதல் ஏழு வரையிலான பாசுஸ்களுக்குச் செல்லுங்கள். பாவசங்கீர்த்தனமும் அரை ஏக்கரும் மன்னிப்புச் சீட்டும் அங்கேதான் உள்ளன. பிறகு பதினெட்டாம் பாசுஸ்: கிறிஸ்து பியர்ஸின் கவசத்தை அணிந்து போட்டிக்கு வருவதும், நரகத்தின் வாயிலை உடைப்பதும், உயிர்ப்பு ஞாயிறு மணியோசையில் வில் எழுந்து கிட்டையும் காலட்டையும் கோவிலுக்கு அழைப்பதும் அதில் வருகின்றன. அதன் பின் மூன்றாம் வடிவத்தின் ஒன்பதாம் பாசுஸில் குடிசைப் பெண்களைப் பற்றிய அடிகளைத் தேடிப் படியுங்கள். மூலத்தை எதிர்ப்பக்கத்தில் கொண்ட மொழிபெயர்ப்புப் பதிப்பு இருந்தால், அந்த அடிகளை மட்டுமாவது மூலத்திலேயே வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.